அறுபது கிலோ பிரிவு

அவனை எழுப்ப வேணாம் சார். சன்னல்ல சாஞ்சபடி தூங்கட்டும். நீங்க இப்படி ஓரத்துல உக்காந்துக்கங்க, மூணு பேர் சீட்டுதான, நான் நடுவுல இருந்துக்கிறேன். சிவகங்கைக்கா போறீக? நாங்களும் அங்கதான். அங்கேருந்து மேலவயலுக்கு டவுன் பஸ்ஸு.

என் தம்பி சார். கூடப் பொறந்தவன், சேவுகன்னு பேரு. நீங்க பாத்த பார்வையிலயே தெரிஞ்சுச்சு, எங்க அப்பாவோ சித்தப்பாவோன்னு நெனச்சுட்டீக. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாக. முப்பது வயசு இன்னும் முடியலை அவனுக்கு. கன்னம் ஒட்டிப் போயிருக்கு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டா யாருக்குத்தான் ஒட்டாது? டிபி கிடையாது, சுகர் கிடையாது, அடுத்தவுகளுக்கு ஒட்டுற சீக்கு எதுவும் கிடையாது. பயப்படாம உக்காருங்க. கடலை எடுத்துக்கங்க, சூடா இருக்கு. அவனுக்கு வேணாம். அவனுக்கு நாளைக்கு எடை இருக்கு.

எடைன்னா கபடிக்கு சார். மதுரை டவுன்ல இருக்கிறவுகளுக்கு இது தெரியாது. எங்க பக்கம் ஊர்த் திருவிழான்னா அறுபது கிலோ பிரிவுன்னு ஃபிளெக்ஸ் வைப்பாக. அன்னிக்குக் காலையில வர்ற ஒவ்வொருத்தனையும் எடை மிஷின்ல ஏத்தி நிறுத்துவாக. அறுபதுக்கு மேல காட்டுச்சுன்னா எறங்குடான்னுருவாக. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனா இருந்தாலும் சரி, கமிட்டியில மாமன் மச்சான் இருந்தாலும் சரி, நடக்காது. மேலவயல் ஐயனார் கபடிக் குழுவுக்கு எல்லாம் நாந்தான். அடைக்கலம்னு கேட்டா அந்தப் பக்கம் பூராம் தெரியும். நான் ஆடுறதில்லை, என் வயித்தப் பாத்தாலே உங்களுக்கு வெளங்கும். ஆள் சேக்குறது, வேன் பிடிக்கிறது, பேர் குடுக்கிறது, நடுவரோட சண்டை போடுறது எல்லாம் நான்.

இவன் பாடிப் போறதை நீங்க பாத்திருக்கணும். கோட்டைத் தாண்டி உள்ள நொழஞ்சான்னா ஏழு பேரும் பின்னுக்கே போவானுக. ஒருத்தன் காலைப் புடிக்க வர்றதுக்குள்ள இவன் அவனைத் தொட்டுட்டு இங்கிட்டு வந்து நின்னு சிரிப்பான். எனக்கு அப்பா ஆத்தா ரெண்டு பேரும் இல்லை சார். இவனை நாந்தான் வளத்தேன். அவன் ஜெயிச்சுட்டு வர்றப்ப எனக்கு வர்ற சந்தோசம் என் பிள்ளைக பொறந்தப்பக்கூட வரலை. பொய் சொல்லலை.

அவன் ஒடம்பு வாகு அறுபத்தஞ்சு. அதுலயே விட்டா எழுபது கிலோ பிரிவுலதான் நிக்கணும். அங்க ஒவ்வொருத்தனும் மாடு மாதிரி இருப்பான், கீழ போட்டு ஏறி உக்காந்துருவான். அறுபதுக்கு எறக்கிட்டா இவன் ராஜா. அதான் எறக்குனேன். மழைக்கோட்டைப் போட்டுக் கண்மாய்க் கரையில வெயில்ல ஓட விடுவேன். தண்ணி கிடையாது. வாய் கொப்புளிச்சுத் துப்பிக்கலாம், முழுங்கக் கூடாது. அப்படியும் எறங்கலைன்னா மொட்டை. முடிக்கும் எடை உண்டுல்ல? ஊருல பழனிக்கு வேண்டுதல்னு நெனச்சுக்கிட்டாக. அதுக்கும் மீறிப்போனா வாந்தி. அதையும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன். மொதத் தடவ வராம கஷ்டப்பட்டான், நான் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிவிட்டேன். எல்லாக் குழுவும் பண்றதுதான் சார் இது. வெளிய சொல்ல மாட்டானுக, நான் சொல்றேன்.

கோப்பை எத்தனை வாங்குனோம்னு கேக்காதீக. எங்க வீட்டுல அலமாரி பத்தாம தொட்டில்கட்டுற கம்பியிலகூடத் தொங்கவிட்டிருக்கேன்.

ஆட்டம் முடிஞ்ச அன்னிக்கு நல்லாத் தின்பான். அதை நான் தடுத்ததே இல்லை. ஒரு சட்டிக் கறியை ஒத்த ஆளா முடிப்பான். முட்டை, புரோட்டா, கெடச்சதெல்லாம். பாக்கவே பயமா இருக்கும், மூச்சு விடாமத் தின்பான். அப்புறம் அடுத்த நாளே தானா அளவுக்கு வந்துருவான். அது ஒரு கட்டுப்பாடு சார். மத்த பயலுக சீசன் முடிஞ்சா தண்ணி அடிச்சுத் தொந்தி வைப்பானுக. இவன் மாசி முடிஞ்சு, பங்குனி முடிஞ்சு, சித்திரை வந்தாலும் அப்படியே இருப்பான். நான் மிளகாய் கமிஷன் கடையில வேலை பாக்குறேன், அங்க பெரிய எடைமேடை இருக்கு, மூட்டை போடுறது. காலையில வந்து நிப்பான். மத்தியானம் வந்து நிப்பான். சாயங்காலம் கடை சாத்துறப்ப வந்து நிப்பான். ஒண்ணுக்குப் போயிட்டு வந்து மறுபடி நிப்பான். மொதலாளிகூடக் கேட்டாரு, என்னப்பா உன் தம்பி மூட்டைக்கு மூட்டை ஏறுறான்னு. விளையாட்டுக்காரன் மொதலாளி, அப்படித்தான் இருப்பான்னேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு.

அப்புறம் விரதம் இருக்க ஆரம்பிச்சான். சிவனுக்குத் திங்கக்கிழமை. முருகனுக்குச் செவ்வாய். மாரியம்மனுக்கு வெள்ளி. பெருமாளுக்குச் சனி. சஷ்டி வந்தா ஆறு நாளும் வெறும் தண்ணி. கார்த்திகையில மாலையும் போட்டுட்டான். எங்க வீட்டுல இப்படி ஒரு பக்திமானான்னு எனக்கே ஆச்சரியம். ஊருல எவ்வளவு மரியாதை தெரியுமா? ஐயனாருக்கு மண்குதிரை தூக்கிப் போற புரவி எடுப்புல அரிவாளைத் தூக்கிட்டு முன்னால நடக்கிறது யாருன்னு எப்பவும் தகராறு வரும். அந்த வருசம் ஒரே பேச்சா இவன் கையில குடுத்துட்டாக. சுத்தமான ஒடம்புடான்னாக. பொம்பளைக அவுகவுக வீட்டுக்காரனைப் பாத்து, சேவுகனைப் பாரு, நாக்கை எப்படிக் கட்டியிருக்கான், நீயும் இருக்கியேன்னு வைவாக. நாலு வீட்டுல குழந்தைக்கு மொதச் சோறு ஊட்ட இவனைத்தான் கூப்பிட்டாக. நீங்களே சொல்லுங்க, ஊரே கையெடுத்துக் கும்பிடுற ஒருத்தனைப் போய் சீக்காளின்னா யாரு நம்புவா?

அவன் பொண்டாட்டி மஞ்சுளா ஒருத்திதான் ஆரம்பத்துலேருந்து குத்தம் சொல்லிக்கிட்டே இருந்தா. அவ நர்ஸுக்குப் படிச்சு பாதியில விட்டவ. அந்தப் பாதிப் படிப்பை வச்சுக்கிட்டு எங்களைப் பாடாப் படுத்திட்டா. ஒரு நாள் மத்தியானம் கடைக்கே வந்து நிக்கிறா, கையில எச்சில் இலை. மொதலாளி பாக்குறாரு, கூலியாளுக பாக்குறாக. மாமா, இதைப் பிரிச்சுப் பாருங்கன்னா. எச்சில் இலையை எவனாவது பிரிப்பானா சார்? இலையை நம்ம பக்கமா மடிச்சா சாப்பாடு திருப்தின்னு அர்த்தம், அதோட எடுத்துப் போட்டுற வேண்டியதுதான். அவ பிரிச்சுக் காட்டுறா. சோறு அப்படியே இருக்கு. மென்னு மென்னு துப்புன சோறு, கறித்துண்டு, எல்லாம் இலைக்குள்ள. விரதம் இல்லாத நாள்ல உக்காந்தாலும் இப்படித்தான் பண்றாரு மாமா, நீங்க சொன்னாத்தான் கேப்பாருன்னு அழுதா.

நான் என்ன சொல்லட்டும்? உன் சமையல் அப்படின்னேன். கூலியாளுக சிரிச்சுட்டானுக. அவ இலையை மறுபடி மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டா. அதுலேருந்து என்கூடப் பேசுறதில்லை.

கடலை எடுங்க சார், கையில வச்சுக்கிட்டே இருக்கீக. அவனையே பாக்காதீக. அசந்து தூங்குறான்.

போன மாசம் காளையார்கோயில் பக்கத்துல ஒரு ஆட்டம். சரியா எடைக்கு நின்னான், அறுபதுக்கு ரொம்பக் கீழ. இன்னும் ஒரு பிடி சோத்துக்கு எடம் இருக்கேடான்னு நான்கூடச் சிரிச்சேன். ரெண்டாவது தடவை பாடிப் போனான். கபடி கபடி கபடின்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு, பொசுக்குன்னு நின்னுபோச்சு. எதிராளி எவனும் தொடலை. தானா முட்டி மடங்கி உக்காந்தான், அப்படியே சாஞ்சுட்டான். எங்க ஊர்க்காரனுகளே நடிக்கிறான்னு கத்துனானுக. நான் ஓடிப்போய்த் தூக்குனேன். கையி சில்லுன்னு இருந்துச்சு, உச்சி வெயில்ல.

மதுரைக்குக் கொண்டாந்தோம். நெஞ்சுத் துடிப்பு தப்பித் தப்பி அடிக்குது, ரத்தத்துல உப்புச்சத்து எல்லாம் எறங்கிப்போச்சு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆள் இல்லைன்னாக. அது சரி, நானும் ஒத்துக்கிறேன். உப்பு கொறஞ்சா ஏத்துங்க, ஏத்திட்டு அனுப்புங்க. அதைப் பண்ணுனாக, அவனும் கண்ணு முழிச்சான். அதோட விட்டாகளா? ஒரு பொம்பளை டாக்டரைக் கூட்டியாந்தாக. சின்னப் பொண்ணு. மனசுக்குப் பாக்குற டாக்டராம். எங்க வம்சத்துல அந்தப் பக்கம் எவனும் ஒதுங்குனதுகூட இல்லை சார்.

அந்தப் பொண்ணு என்னை உக்கார வச்சு சொல்லுது, இது சாப்பாட்டு மேல வர்ற மனநோயாம். வயித்துல இல்லை, மனசுல இருக்காம். ஆம்பளைகளுக்கும் வருமாம், ஆம்பளைக வெளிய சொல்றதில்லை, கூட இருக்கிறவுகளும் கண்டுக்கிறதில்லை, அதனால முத்துனபிறகுதான் வர்றாகளாம். நான் கேட்டேன், ஏம்மா, சோறு திங்காதது ஒரு நோயின்னா எங்க ஊருல பஞ்சத்துல செத்தவன் பூராம் பைத்தியமான்னு. அதுக்குக் கோவம் வரலை. பசி இருக்கு, சோறும் இருக்கு, ஆனா அவரால திங்க முடியலை, அதுதான் சார் நோயின்னு சொல்லுச்சு. எழுதி எழுதிக் கேட்டுக்கிட்டே இருக்கு, எப்ப ஆரம்பிச்சுச்சு, வீட்டுல யாரு எடையைப் பத்திப் பேசுவாகன்னு. போலீஸ் மாதிரி.

ஒரு நாள் கதவுக்கு வெளிய நின்னப்ப இவன் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதைக் கேட்டேன். கண்ணாடியில பாத்தா நான் குண்டாத் தெரியிறேன் மேடம், வயிறு தொங்குறாப்புல இருக்கு, வெட்டி எறியணும் போல இருக்குன்னு சொல்றான். சொல்லிட்டு ஏங்கி ஏங்கி அழுறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டு, அப்புறம் என்னவோ மாதிரி ஆகி, வெளிய போய் டீ குடிச்சேன்.

அங்க பண்ற கூத்தைக் கேளுங்க. சாப்பிட்டா பாத்ரூமுக்கு விட மாட்டாக, ஒரு நர்ஸ் பக்கத்துலயே உக்காந்திருக்கும். எடை போடுறப்ப மிஷின்ல முதுகைக் காட்டி நிக்கச் சொல்வாக. நம்பரை அவனுக்குச் சொல்ல மாட்டாக. எடைக்கே நிக்கிற ஒரு ஆளுக்கு எடையைச் சொல்லாம இருந்தா அவன் மனசு என்ன பாடு படும்? என் கையைப் புடிச்சுக் கேட்டான், அண்ணே, நீ எட்டிப் பாத்துச் சொல்லுண்ணேன்னு. இவனை இங்க வச்சிருந்தா நெசமாவே பைத்தியம் ஆக்கிருவாகன்னு அப்பத்தான் முடிவு பண்ணுனேன்.

இன்னைக்குக் காலையில மஞ்சுளா இட்லி வாங்கக் கீழ போனா. சேவுகா, நாளைக்கு நம்ம ஊரு ஆட்டம், வர்றியாடான்னேன். அங்க எடை போடுவாங்களாண்ணேன்னு கேட்டான். போடுவாகடா, நம்பரையும் சொல்வாகன்னேன். உடனே காலைக் கீழ வச்சுட்டான். எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். அந்த டாக்டர் பொண்ணு வராந்தா வரைக்கும் பின்னாலயே வந்துச்சு. தாங்காதுங்க, நெஞ்சு இன்னும் சரியாகலைங்கன்னு கெஞ்சுச்சு. வெள்ளைக் கோட்டுப் போட்டவுக நம்மகிட்டக் கெஞ்சி நான் பாத்ததே இல்லை.

இதோ, போன்ல மஞ்சுளாதான் அடிக்கிறா. அடிக்கட்டும். ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம். அமத்தியே வச்சுர்றேன்.

என்ன சார் கேட்டீக? இந்த ஒடம்போட எப்படி ஆடுவான்னா? அதுலதான் விசயம் இருக்கு. நேத்து நர்ஸு சீட்டுல எழுதுனதை எட்டிப் பாத்துட்டேன். அம்பதுகூட இல்லை. அம்பத்தஞ்சு கிலோ பிரிவுல நிறுத்தலாம் சார் இவனை. அது பொடிப் பயலுக ஆடுற பிரிவு. இவன் அனுபவத்துக்கு அங்க எவன் வந்து புடிப்பான்? பக்கத்து ஊரு கீழவயக்காரனுக மூணு வருசமா அந்தக் கோப்பையைத் தூக்கிட்டுப் போறானுக. ரெண்டே ரெண்டு தடவை பாடிட்டு வந்தாப் போதும், மிச்சத்தை மத்தவனுக பாத்துக்குவானுக. ஆஸ்பத்திரிக்காரனே நமக்கு ஒரு பிரிவு எறக்கிக் குடுத்துட்டான்.

நீங்க ஏன் சார் மூஞ்சியைத் திருப்புறீக? நானா அவனைப் பட்டினி போட்டேன்? கோப்பை வேணும்னேன், சோறு வேணாம்னு சொல்லலையே. ஆட்டத்துக்கு மூணு நாள் முந்தி எறக்கச் சொன்னேன். வருசம் பூராம் எறக்குனது அவனா பண்ணிக்கிட்டது.

தெரியாதான்னு கேக்குறீக. தெரியாமல்லாம் இல்லை. ஒரு தடவ பாத்தேன். எங்க ஊருப் பாண்டி கோயில்ல எங்க அக்கா பேரனுக்குக் காது குத்து, கிடா வெட்டி விருந்து. அப்ப ஆட்டம் கீட்டம் ஒண்ணும் கிடையாது, ஆடி மாசம். இவன் மூணு பந்தியில உக்காந்தான். மூணு தடவ. எங்க அக்காவுக்கு அவ்வளவு சந்தோசம். அப்புறம் ஆளைக் காணோம். நான் வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வர்றேன், கண்மாய்க் கரையில கருவேலங்காட்டுக்குள்ள ஏதோ சத்தம். பாத்தா இவன். மண்டி போட்டு உக்காந்து விரலை விட்டு எடுத்துக்கிட்டிருக்கான். வர்றது நின்னப்பறமும் விடலை. விரல்ல ரத்தம். அழுதுக்கிட்டே அம்மா அம்மான்னு எங்க ஆத்தாளைக் கூப்பிடுறான். நான் வண்டியை அமத்திட்டேன். சத்தம் கேட்டா அவனுக்குக் கூச்சமாயிரும்ல. அப்படியே உருட்டிக்கிட்டே திரும்பிப் போயி, வேற பாதையில வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு ஆம்பளை அழுறதை நின்னு பாக்கக் கூடாது சார். அவனுக்கு அது மரியாதையா? இன்னைக்கு வரைக்கும் அவன்கிட்டக்கூட அதை நான் காட்டிக்கிட்டதில்லை.

என்னடா? முழிச்சிட்டியா? எப்ப முழிச்ச?

ஆமா. பாத்தேன். ஏன்டா?

ஏன் கூப்பிடலையா? என்னத்துக்குக் கூப்பிடணும்? நீ அழுதுக்கிட்டிருந்த. நான் வந்திருந்தா உனக்குக் கேவலமா இருந்திருக்கும்டா. உன் நல்லதுக்குத்தான்டா திரும்புனேன்.

கேளுங்க சார், இவன் என்ன சொல்றான்னு. அன்னைக்கு யாராவது வந்துற மாட்டாகளான்னுதான் சத்தம் போட்டு அழுதேன்ங்கிறான். வண்டிச் சத்தம் கேட்டுச்சாம். நின்ன சத்தமும் கேட்டுச்சாம். யாரோ வந்துட்டாகன்னு நெனச்சானாம்.

சேவுகா, பேசாம உக்காரு. ஒனக்கு மூச்சு வாங்குது. ஊருக்குப் போய்ப் பேசலாம். நாளைக்கு ஆட்டம் முடியட்டும், நீ எங்க சொல்றியோ அங்க கூட்டிட்டுப் போறேன். பேர் குடுத்தாச்சுடா. கமிட்டியில ஒம்பேரை மைக்குல சொல்லியாச்சு.

எங்க எந்திரிக்கிற? பூவந்திடா இது. நம்ம ஊரு இன்னும் வரலை.

கண்டக்டர், இவன் சொல்றதைக் கேட்டு விசில் அடிக்காதீங்க. டிக்கெட்டு சிவகங்கைக்கு எடுத்திருக்கு. சார், நீங்க ஏன் எந்திரிக்கிறீக? நீங்களும் சிவகங்கைதான? உங்க வேலையை விட்டுட்டு எதுக்கு இவன்கூட? எதிர்த்தாப்புல மதுரை பஸ்ஸு நிக்கிறது எனக்கும் தெரியுது. நான் அண்ணன் சார், நீங்க யாரு? அவன் கையை விடுங்க. சேவுகா, என்னைப் பாருடா. அண்ணன்டா. என் மொகத்தைப் பாத்துச் சொல்லுடா, போறேன்னு.

போறியா.

கண்டக்டர், ஒரு நிமிசம், வண்டியை எடுத்துறாதீங்க. சார், இருங்க. இந்தப் பையையும் எடுத்துக்கங்க, மாத்திரை அதுலதான் இருக்கு. படி ஒசரம். அந்தப் பக்கம் நீங்க புடிங்க, இந்தப் பக்கம் நான் புடிச்சுக்கிறேன். இல்லை, அக்குள்ள கையக் குடுத்துத் தூக்குங்க. ஒத்தையில விட்டுறாதீக சார். அவனால நிக்க முடியாது.